இடது பக்க முத்துகள்

எனக்கு உட்கார்ந்து எழுதிப் பழக்கமில்லை. அதனால் இந்தத் தாள்களை ஜன்னல் மேடைமேல் வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் சார். எந்த மொழி வருகிறதோ அதிலேயே எழுதுங்கள், நாங்கள் ஆள் வைத்துப் பெயர்த்துக்கொள்கிறோம் என்று நீங்கள் சொன்னது பெரிய உதவி. தெலுங்கில் நன்றாகச் சண்டை போடுவேன், ஆங்கிலத்தில் வேலை பார்க்கிறேன், ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்ல எனக்குத் தமிழ்தான் தோதுப்படும். செகந்திராபாத் ரயில்வே குடியிருப்பில் இருந்தபோது எங்கள் அப்பா ஞாயிறுதோறும் என்னையும் அக்காவையும் தமிழில் ஒரு பக்கம் எழுதவைப்பார். அன்றைக்கும் நான் நின்றுகொண்டுதான் எழுதுவேன், திட்டு வாங்குவேன்.

நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. பஸ் ஓட்டிய சிவஞானம் என் அக்காவின் கணவர். விபத்துக்கு முந்தைய நாள்கூட போன் விளையாட்டில் எண்ணூறுக்கு மேல் எடுத்தேன், கண் சரியில்லாதவனால் அது முடியுமா என்று ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து உங்களிடம் கேட்டிருக்கிறார். சந்தேகம் இருந்தால் என் மச்சான் மணிவண்ணனைக் கேளுங்கள், அந்த விளையாட்டைச் செய்தவனே அவன்தான் என்றும் சொல்லியிருக்கிறார். அந்த ஸ்கோர் உண்மைதானா என்று தெரிந்துகொள்ளத்தான் என்னைக் கூப்பிட்டீர்கள். ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் எதையும் அரைகுறையாக விடுவது எனக்கு ஆகாது.

எங்கள் அலுவலகம் பேகம்பேட்டில், பழைய விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 'மோத்தி' எங்கள் விளையாட்டு. திரையின் மேலிருந்து முத்துகள் விழும். தரையைத் தொடுவதற்குள் விரலால் தட்டிப் பிடிக்க வேண்டும். ஒரு நாளின் முழு ஸ்கோர் ஆயிரம், பிடிப்பதற்கும் தவறவிடுவதற்கும் ஏற்ப அது ஏறி இறங்கும். குழந்தைகளும் ஆடுவார்கள், காத்திருக்கும் வேலையில் உள்ளவர்கள் அதைவிட அதிகமாக ஆடுவார்கள். ஒவ்வொரு முறை விரல் படும்போதும் எந்த இடத்தில் பட்டது, எவ்வளவு தாமதமாகப் பட்டது, எந்த முத்து தவறியது என்பதெல்லாம் எங்களுக்கு வந்துவிடும். பெயர் வராது, போன் நம்பர் வராது. ஆளுக்கு ஓர் எண், அவ்வளவுதான். "நீங்கள் யார் என்று எங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டோம்" என்று முதல் திரையில் வரும் வாக்கியத்தை எழுதியவன் நான்தான். நல்ல வாக்கியம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

எங்கள் குழுத் தலைவி அக்ஷதாவுக்கு மட்டும் இதில் மனம் ஒப்பவில்லை. பெயர் இல்லாவிட்டால் என்ன, விரல் அவர்களுடையதுதானே என்பார். ஜனவரியில் ஒரு மீட்டிங்கில் எல்லாத் தகவலையும் முப்பது நாளில் அழித்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். ஒருவரைப் பற்றி அவருக்கே தெரியாத ஒன்று நமக்குத் தெரிந்துவிட்டால் அவரிடம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அழித்துவிட வேண்டும், வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கக் கூடாது என்றார். நான் எழுந்து நின்று பதில் சொன்னேன். நாளைக்கே இந்தத் தட்டல்களில் ஒருவருக்கு வரப்போகும் நோய் தெரியலாம், ஓர் உயிரைக் காப்பாற்றலாம், முப்பது நாளில் அழித்தால் யாருக்கு என்ன பிரயோசனம் என்று கேட்டேன். எல்லோரும் என் பக்கம் வந்துவிட்டார்கள். நான் மனப்பூர்வமாகத்தான் அதைச் சொன்னேன்.

பிப்ரவரியில் ஓர் எண் என் கண்ணில் பட்டது. கடைசி நான்கு இலக்கம் 4471. களைப்பாக இருப்பவர்கள் இங்குமங்கும் தவறவிடுவார்கள், அவசரக்காரர்கள் ஓரங்களில் தவறவிடுவார்கள். இந்த ஆள் இடது பக்கத்தில் மட்டும் தவறவிட்டார். காலையிலும் அப்படித்தான், மாலையிலும் அப்படித்தான். வலது பக்கத்தில் ஒரு முத்துகூடத் தப்பாது. ஒவ்வொரு வாரமும் அந்த இடது ஓட்டை ஒரு நூலளவு அகலமானது.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்ப் பார்ப்பேன். லிஃப்டில் பார்ப்பேன், சிக்னலில் பார்ப்பேன், பின்னால் ஹாரன் அடித்தால்தான் வண்டியை எடுப்பேன். வார நாள்களில் ஒன்பதரைக்கு ஆரம்பித்து நாலு மணி வரை விட்டுவிட்டு ஆடினார், ஞாயிறுகளில் மதியம் கொஞ்சம். ராமச்சந்திராபுரம் பக்கம் என்பதுவரை தெரிந்தது. அவர் ஆடாத நாளில் எனக்கு ஒரு வேலையும் ஓடாது, நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வருவேன். என்ன மணி, வயிறு சரியில்லையா என்று அக்ஷதாவே ஒருநாள் கேட்டுவிட்டார்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிறு, அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. என் அக்கா மங்கையர்க்கரசி இலையைப் போட்டுவிட்டுக் கூப்பிட்டாள். மாமா சோபாவில் உட்கார்ந்து மோத்தி ஆடிக்கொண்டிருந்தார். அவர் போனில் அதைப் போட்டுக்கொடுத்ததும் நான்தான். "ஒரு நிமிஷம் அரசி, எரநூத்திப் பன்னண்டு முடியப்போவுது" என்றார். முடித்துவிட்டுக் கைகழுவப் போனார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், ஒன்று பதினான்கு. மறுநாள் அலுவலகத்தில் முதல் வேலையாக, ஞாயிறு ஒன்று பதினான்குக்கு இருநூற்றுப் பன்னிரண்டாம் லெவலை முடித்தவர் யார் என்று தேடினேன். ஒரே ஓர் எண்தான் வந்தது. ஏழு நிமிட வேலை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைப்பதில் அர்த்தமில்லை. யாரோ முகம் தெரியாத ஆளாக இருந்திருந்தால் பாதியில் விளையாட்டை நீக்கிவிட்டுப் போய்விடுவாரோ என்று பயந்துகொண்டே இருந்திருப்பேன். மாமா எங்கேயும் போகமாட்டார்.

இங்கே ஓட்டுநர்களின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். காலையில் ஆள்களை ராமச்சந்திராபுரத்தில் இறக்கிவிட்ட பிறகு, வாடகைக்கு ஓடும் கம்பெனி பஸ்களெல்லாம் மாலை வரை ஒரு காலி மனையில் நிற்கும். ஓட்டுநர்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மோத்தி ஆடுவார்கள். போன வருடம் ஒருவருக்கு ஸ்கோர் இறங்கிக்கொண்டே போக, மற்றவர்கள் கிண்டல் செய்து அவரைக் கண் டாக்டரிடம் அனுப்பினார்கள். அவருக்குப் புரை இருந்தது. அது முதல் எண்ணூறு வந்தால் கண் பாஸ், வராவிட்டால் ஃபெயில் என்று அங்கே ஒரு சட்டமே ஆகிவிட்டது. எல்லோரும் அதை டாக்டர் சர்டிஃபிகேட் போல நம்பினார்கள். மாமாவும் நம்பினார். அவருக்கு இன்னும் இரண்டு வருடம் சர்வீஸ் இருந்தது. கண்ணில் குறை என்று தெரிந்தால் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார்கள் என்ற பயத்தில் ஆஸ்பத்திரிப் பக்கமே போகமாட்டார்.

ஏப்ரலில் அக்கா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"தம்பி, மாமா எடது தோள நெலைப்படியில இடிச்சிக்கினே இருக்காரு. எலையில எடது ஓரத்துல வெச்ச பொரியலத் தொடறதே இல்ல. கேட்டா, நீ வெக்கவே இல்லியேன்றாரு. எனக்கு பயமாயிருக்குடா."

மாமா கூடத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பேச்சில் இந்த ஊர் உருது கலந்துவரும், கைக்கு என்றால் ஏன், நக்கோ என்றால் வேண்டாம், ஹவ் என்றால் ஆமாம். "அரே, இவ கைக்கு இப்டி பயப்படறா? டாக்டரெல்லாம் நக்கோ. இந்தா பாரு, எண்ணூத்தி முப்பது. மச்சான், நீயே சொல்லு, ஹவ்வா இல்லியா?"

அக்கா விடவில்லை. கடைசியில் மாமா பூஜை அலமாரிப் பக்கம் கையைக் காட்டிச் சொன்னார். "முருகன் மேல ஆணையா சொல்றேன். ஒருநா எண்ணூறுக்குக் கீழ போச்சுன்னா மறுநாளே லீவு போட்டுட்டு டாக்டர்கிட்ட போறேன். போதுமா?"

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். அவளைப் பொறுத்தவரை கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டது எதுவும் நான் சொன்னால் சரிதான். "ஸ்கோர் நல்லாத்தான்க்கா இருக்கு" என்றேன். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு எனக்குக் காபி கலக்கப் போனாள்.

ஸ்கோர் நன்றாக இருந்ததற்குக் காரணம் நான். அதற்கு முந்தைய வாரம் அது எண்ணூற்று ஆறுக்கு இறங்கியிருந்தது. ஆடுபவர் வெறுத்துப்போய் விட்டுவிடாமல் இருக்க எல்லா விளையாட்டிலும் கொஞ்சம் மறைமுகமாகக் கைகொடுப்பார்கள், அதில் தப்பில்லை. நான் இந்த ஓர் எண்ணுக்கு மட்டும் அதைக் கூட்டினேன். இடது பக்கம் விழும் முத்துகளைக் குறைத்தேன், வலது பக்க முத்துகளின் மதிப்பை ஏற்றினேன். ஸ்கோர் எண்ணூற்று முப்பதை ஒட்டியே நின்றது. அதோடு, தினமும் பத்து முத்துகளை மட்டும் கணக்கில் சேராதபடி இடது பக்கம் விழவைத்தேன். ஏப்ரலில் பத்தில் ஏழைப் பிடித்தார், மே மாதம் ஐந்து, ஜூனில் இரண்டு. அவருக்கு ஸ்கோர் தெரிந்தது, எனக்கு அந்தப் பத்து முத்துகள் தெரிந்தன.

ஏன் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. டாக்டர்கள் ஒருவரைப் பார்ப்பது அவர் ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகுதான். ஒரு மனிதனின் பார்வை முதல் முத்திலிருந்து கடைசி முத்து வரை, நாள் தவறாமல், அவனுக்கே தெரியாமல் போவதை நான் கேள்விப்பட்டவரை யாரும் கோடாகப் போட்டுப் பார்த்ததில்லை. என்னிடம் அந்தக் கோடு இருந்தது. மாமா டாக்டரிடம் போனால் சிகிச்சை ஆரம்பித்துவிடும், கோடு பாதியில் அறுந்துவிடும். பத்தில் இரண்டு என்பது பூஜ்யமாக இன்னும் ஆறு வாரம் ஆகும் என்று போட்டிருந்தேன். ஆறே வாரம். அதற்குப் பிறகு நானே அவரைக் காரில் அழைத்துப்போவதாக இருந்தேன். செகந்திராபாத்தில் நல்ல டாக்டர் யார் என்றுகூட விசாரித்து வைத்திருந்தேன். என் அக்கா புருஷனை நான் கைவிடுவேனா?

பஸ்ஸைப் பற்றி யோசித்தாயா என்றும் கேட்பீர்கள். யோசித்தேன். ஜூன் மாதம் ஒருநாள் காலையில் பேகம்பேட்டில் அந்த பஸ்ஸில் ஏறி, மாமாவுக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டேன். மச்சான் வந்திருக்கான் என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். வண்டியை நன்றாகத்தான் ஓட்டினார், பதினோரு வருடமாக ஓட்டும் பாதை. ஓரிடத்தில் இடது பக்கம் ஒரு சைக்கிள்காரர் ஒரு சாண் இடைவெளியில் தப்பி, சாக்கடை ஓரத்தில் காலை ஊன்றி நின்று கத்தினார். மாமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கோன் சில்லாரா?" என்று என்னைக் கேட்டார், யார் கத்துகிறார்கள் என்று. யாரோ என்றேன். நேரத்தைக் குறித்துக்கொண்டேன். அதன் பிறகு உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போய் நின்றேன், இரண்டு நிறுத்தம் முன்னதாகவே இறங்கிவிட்டேன். மறுபடி அந்த பஸ்ஸில் ஏறவில்லை. என் பாதுகாப்பையும் நான் பார்க்க வேண்டுமே.

அந்த வாரம் அக்ஷதா என் மேசைக்கு வந்தார். ஒரே ஓர் எண்ணுக்குத் தனியாக ஏதோ மாற்றியிருக்கிறாயே, யாருடையது அது என்று கேட்டார். சோதனைக்காகச் செய்தேன், யாருடையது என்று தெரியாது, தெரிந்துகொள்ளக் கூடாது என்பதுதானே நம் விதி என்றேன். அவர் தன் மேசைக்குத் திரும்பிப் போனார். அவரிடம் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

இனி ஜூலை முதல் வாரத்துக்கு வருகிறேன். புதன்கிழமை காலையில் மோத்தியின் புதுப் பதிப்பு வந்தது. நான் 4471க்குச் செய்துவைத்திருந்த மாற்றங்கள் அதில் அழிந்துபோயிருந்தன, யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. மாமா அன்று உண்மையான மோத்தியை ஆடினார். பதினோரு மணிக்கு அவர் ஸ்கோர் ஐந்நூற்றுத் தொண்ணூற்று நான்கு.

பதினொன்றேகாலுக்கு அக்கா போன் செய்தாள். "தம்பி, மாமா இப்பத்தான் பேசினாரு. எண்ணூறு வரலியாம், கொரலே ஒடஞ்சி போச்சி. நாளைக்கு லீவு சொல்லிட்டாராம். வேற டிரைவரும் ஒத்துக்கினாராம். காலைல பத்து மணிக்கு டாக்டர்கிட்ட போறோம், நீயும் வர்றியாடா?" அழுதுகொண்டே சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்ததைக் கேட்டேன்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். முந்தைய நாள் அந்தப் பத்து முத்துகளில் அவர் ஒன்றைப் பிடித்திருந்தார். பூஜ்யத்துக்கு இன்னும் ஒன்றுதான் பாக்கி. வராந்தாவில் எத்தனை முறை நடந்தேன் என்று தெரியவில்லை, காவலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வந்து மாற்றங்களைத் திரும்பப் போட்டேன். ஆடுபவர்களுக்கு அறிவிப்பு அனுப்ப எங்களிடம் ஒரு வசதி உண்டு, லட்சக்கணக்கானவர்களுக்கு அனுப்பலாம், ஒருவருக்கும் அனுப்பலாம். "இன்று எங்கள் தவறால் உங்கள் ஸ்கோர் குறைவாகக் காட்டப்பட்டது. உங்கள் சரியான ஸ்கோர் 838. தொந்தரவுக்கு வருந்துகிறோம்" என்று எழுதி ஒருவருக்கு அனுப்பினேன்.

மூன்று மணிக்கு அக்கா மறுபடி பேசினாள். மாமா லீவை வாபஸ் வாங்கிவிட்டாராம். மெஷின் தப்பு, கம்பெனிக்காரனே மன்னிப்புக் கேட்டுட்டான் என்று வேப்பமரத்தடியில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாராம். "நெஜமாவே மெஷின் தப்புதானாடா?" என்று கேட்டாள். ஆமாம் அக்கா என்றேன். அப்படியானால் நாளைக்கு வரவில்லை என்று டாக்டரிடம் சொல்லிவிடுகிறேன் என்று போனை வைத்தாள்.

வியாழக்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும். சாலையின் இடது ஓரத்தில் நாகம்மா என்ற பெண்மணி குப்பை கூட்டிக்கொண்டிருந்தார். தூரத்திலிருந்தே தெரியும் ஆரஞ்சு மேல்சட்டை போட்டிருந்ததாக உங்கள் எஃப்.ஐ.ஆர். சொல்கிறது. நல்ல வெளிச்சம், மழையும் இல்லை. மாமா பிரேக்கைத் தொடவே இல்லை. நாகம்மாவின் இரண்டு பெண்களும் நேற்று இந்த ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்தார்கள். நான் அவர்களைக் கடந்துதான் உள்ளே வந்தேன். நாகம்மா எங்கள் விளையாட்டை ஆடியவர் இல்லை போலிருக்கிறது, அதனால் அவரைப் பற்றி எழுத என்னிடம் எதுவும் இல்லை.

மாமாவின் தலைக்குள் ஒரு கட்டி இருந்ததாகவும், ஆறு மாதம் முன்பே வந்திருந்தால் சுலபமாக எடுத்திருக்கலாம் என்றும் டாக்டர்கள் சொல்கிறார்கள். போன செவ்வாய்க்கிழமை எடுத்துவிட்டார்கள். ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டோமே என்று அவர் யாரிடமும் பேசாமல் படுத்திருக்கிறார். ஸ்கோரைப் பற்றி உங்களிடம் சொன்னதுதான் அவர் கடைசியாகப் பேசியது. அக்கா என்னைப் பார்க்க மறுத்துவிட்டாள். அது எனக்கு வலிக்கிறது, நான் கல் இல்லை.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில், அந்த ஸ்கோர் பொய். அதைப் பொய்யாக்கியவன் நான். அவருடைய இடது பார்வை போய்க்கொண்டிருப்பது எனக்கு நான்கு மாதமாகத் தெரியும். புதன்கிழமை அவர் வண்டியை விட்டு இறங்கத் தயாராக இருந்தார், தெரிந்தே அவரை மறுபடி ஏற்றிவிட்டவன் நான். வழக்கை என் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். மாமாவின் போன் உங்கள் சாட்சிப் பொருள்களில் சீல் வைத்து இருக்கிறது. கட்டி எடுத்தபின் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். போனதைத்தான் நான் பதிந்திருக்கிறேன், திரும்பி வருவது வெறுமையாகக் கிடக்கிறது, நாளுக்கு நாள் வீணாகிறது. அதை நினைத்தால்தான் என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. அந்தப் போனைச் சீல் பிரித்து அவர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள், தினமும் பத்து நிமிடம் ஆடினால் போதும். நான் உள்ளே இருந்தாலும் எல்லாம் தானாகப் பதிவாகிவிடும். அவர் யார் என்று யாருக்கும் தெரியவராது, சார். அதற்கு நான் பொறுப்பு.